சத்தம் வராத மைக் செட்

அன்று காலை எங்கள் வீட்டில் முதலில் விழுந்தது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த முருகன். பழனியில் வாங்கிய காந்தப் படம். எடுத்து ஒட்டினேன், விழுந்தார். மறுபடி ஒட்டினேன், மறுபடி விழுந்தார். பழசாகிவிட்டது போலிருக்கிறது என்று அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினால், ஃப்ரிட்ஜ் கதவே மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பால் பொங்குகிற நேரத்தில் இதையெல்லாம் ஆராய யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஒரு நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு கனிஷ்காவை எழுப்பப் போனேன்.

கனிஷ்கா எங்கள் ஒரே மகள். ஏழு வயது. பிறவியிலேயே காது கேட்காது. மூன்று வயதில் அறுவை சிகிச்சை செய்து, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சின்னக் கருவியை வைத்தார்கள். வெளியே காதில் மாட்டிக்கொள்ள இன்னொரு கருவி. அதிலிருந்து ஒரு வயர் கிளம்பி, நாணயம் அளவுள்ள வட்ட வில்லையில் முடியும். வில்லைக்குள் ஒரு காந்தம், தோலுக்குள் ஒரு காந்தம். இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற வரைக்கும்தான் அவளுக்குக் காது. அன்று நான் வில்லையைத் தலையில் வைத்தேன். அது நழுவித் தலையணையில் விழுந்தது.

"அம்மா, ஒட்டலை," என்றாள் கனி, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

அதற்குள் வாசலில் என் கணவர். அவர் பெயர் குழந்தைவேல். சிங்காநல்லூர்ப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழந்தைவேல் சவுண்ட் சர்வீஸ்தான். விடிவதற்கு முன்பே ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஸ்பீக்கர் கட்டப் போனவர், வெறும் கையோடு திரும்பி வந்திருந்தார்.

"ரேணு, ஒரு ஸ்பீக்கர்கூட வாய் தொறக்க மாட்டேங்குது. ஆம்ப்ளிஃபயர்ல லைட் எரியுது, மீட்டர் ஆடுது, வயர் நல்லா இருக்குது. சத்தம் மட்டும் வரலை. நாதஸ்வரக்காரரு என்னையப் பார்த்துச் சிரிக்கிறாரு."

நான் கையிலிருந்த வில்லையை அவரிடம் காட்டினேன். அவர் முகம் மாறியது. ஸ்பீக்கரைப் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

மத்தியானத்துக்குள் விஷயம் உலகம் முழுக்கத் தெரிந்துவிட்டது. டிவியில் படம் வந்தது, குரல் வரவில்லை. அடியில் எழுத்துகள் ஓடின: எல்லா நாடுகளிலும் காந்தங்கள் செயலிழந்தன, காரணம் ஆராயப்படுகிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள் நான். அதனால் தெருவில் பாதிப்பேர் என்னிடம்தான் காரணம் கேட்டார்கள், நான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. என் கணவரும் கேட்டார்.

"நீ காந்தம் நடத்துறவதானே. என்னாச்சுன்னு சொல்லு."

"இரும்புக்கு ஞாபகம் போயிருச்சுங்க."

"வெளையாடாதே."

"நெசமாத்தான். இரும்புக்குள்ள ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். சும்மா இருக்கிறப்ப ஆளுக்கொரு பக்கம் பார்த்துட்டு நிக்கும். அதைச் சுத்தி வயர்ல கரண்ட் ஓடினா எல்லாம் ஒரே பக்கமாத் திரும்பும். எங்க ஸ்கூல் பிரேயர்னு வெச்சுக்கங்க. பி.டி. சார் விசில் ஊதினா வரிசை."

"சரி."

"இத்தனை நாளும் சார் போனப்புறமும் சில வரிசை கலையாம நின்னுச்சு. உங்க ஸ்பீக்கர் காந்தமெல்லாம் அந்த ரகம். அதைத்தான் நிலைக்காந்தம்னு பாடத்துல சொல்றோம். இப்ப சார் முதுகைத் திருப்பினா போதும், அத்தனையும் ஓடிப் போயிருது."

"அப்ப கரண்ட் இருந்தா?"

"கரண்ட் ஓடற வரைக்கும் காந்தம் இருக்கும். நின்னா போயிரும். அவ்வளவுதான்."

அந்த ஒரு வரி உலகத்தை இரண்டாக வகுத்துவிட்டது. கிரைண்டர், மிக்ஸி, கிணற்று மோட்டார் எல்லாம் ஓடின, ஏனென்றால் அவற்றின் காந்தம் கரண்டிலேயே பிறந்து கரண்டிலேயே சாகிறது. ஸ்பீக்கர், இயர்போன், சுவர்க் கடிகாரம், பைக் எல்லாம் நின்றன. பழைய சீலிங் ஃபேன் சுற்றியது, கரண்ட் மிச்சம் என்று சொல்லி போன வருடம் மாட்டிய புது ஃபேன் சுற்றவில்லை. போனில் பேசலாம், எதிர்முனையில் சொல்வதைக் கேட்க முடியாது. எங்கள் தலைமையாசிரியருக்கு அது ஏற்கெனவே பழக்கம்தான். கோயம்புத்தூரே மோட்டார் ஊர் என்பதால் எங்களுக்குப் பாதி உலகமாவது மிஞ்சியது. மோட்டாருக்குக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டுகிற பட்டறைகளில் என்றும் இல்லாத கூட்டம்.

அரையாண்டுத் தேர்வுத் தாள் முன்பே அச்சாகிவிட்டதால், நிலைக்காந்தத்தின் பயன்கள் இரண்டு எழுதுக என்ற கேள்வி அப்படியே வந்துவிட்டது. ஒரு பையன் 'முன்பு பயன்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

ஊர் எப்படியோ சமாளித்தது. வீட்டில்தான் எனக்குச் சமாளிக்கத் தெரியவில்லை.

கனியின் பேச்சுப் பயிற்சியாளர் ஹெலன் மேடம் முதல் வாரமே போனில் எழுதி அனுப்பியிருந்தார். "பயப்படாதீங்க. காந்தம் பிடிப்புக்கு மட்டும்தான். சேதி போறது ரெண்டு கம்பிச்சுருளுக்கு நடுவுல. வில்லையை அதே இடத்துல அசையாம வெச்சுக் கட்டுங்க, கேட்கும்."

எனக்குத் தெரியாதா? வெளிச்சுருளில் மின்னோட்டம் மாறினால் உள்சுருளில் மின்னோட்டம் பிறக்கும், இடையில் தோல் இருந்தால் என்ன, சுவர் இருந்தால் என்ன. வருடா வருடம் கரும்பலகையில் படம் போடுகிறவள். உடனே கட்டினேன். கனிக்கு என் தலைமுடி, அடர்த்தி, சுருட்டை. ரிப்பன் கட்டினால் வழுக்கியது. அதனால் வில்லையின் இரண்டு ஓரத்தையும் முடியோடு சேர்த்து டிக்டாக் கிளிப் போட்டு இறுக்கினேன். வில்லை சிக்கென்று நின்றது. கருவியில் விளக்கு மட்டும் பச்சைக்கு வரவில்லை. ஆரஞ்சிலேயே மினுக்கியது. ஆரஞ்சு என்றால் உள்ளே இருப்பது பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். கிளிப்பை நகர்த்தினேன், இன்னும் இரண்டு போட்டேன். ஆரஞ்சு.

"அப்படின்னா உள்ள இருக்கிறதும் போயிருக்கலாம்," என்று எழுதினார் ஹெலன் மேடம். "ஆஸ்பத்திரியில பேர் குடுத்து வைங்க."

பேர் கொடுத்தோம். இதயத்தில் கருவி வைத்தவர்களெல்லாம் முன்னால் நின்றார்கள். அவர்களை முந்திக்கொள்ள எனக்கு வாய் வருமா? எங்கள் முறை வர வருடம் ஆகலாம் என்றார்கள்.

ஒரு வருடம் என்பது கனிக்கு என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். நாம் பேசுவது நம் காதில் விழுவதால்தான் பேச்சு பேச்சாக இருக்கிறது. காது நின்றால் பேச்சு துருப்பிடிக்கும். நாலு வருடம் ஒவ்வொரு எழுத்தாக, ஊதி ஊதி, கண்ணாடி முன்னால் நின்று, தொண்டையில் கை வைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட பேச்சு. முதலில் 'ஸ' போயிற்று. ஸ்கூல் 'கூல்' ஆனது. பிறகு குரலில் ஏற்ற இறக்கம் போயிற்று. அப்புறம் அவள் பள்ளியில் நடந்ததைச் சொல்வதையே நிறுத்திவிட்டு, வேண்டியதைக் கையால் காட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் வேண்டுமென்று சொம்பைக் காட்டிய அன்று நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திறந்துவிடாமலே அழுதிருக்கலாம், அவளுக்கா கேட்கப் போகிறது.

தை மாதம் அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்துவதாக எப்போதோ முடிவு செய்திருந்தோம். குலதெய்வக் கோயில், என் தம்பி மோகன்ராஜ் மடி, கிடா விருந்து எல்லாம் பேசியாகிவிட்டது. அதைப் பற்றிக் கேட்க என் கணவரின் அக்கா ருக்குமணி வந்தார். எனக்கு நங்கையா, கனிக்கு அத்தை. மனசு நல்ல மனசுதான், வாய்தான் யாரிடமோ இரவல் வாங்கியது.

"ஏந்தம்பி, தள்ளிப் போட்டுரலாமா? கேக்காத காதுக்குக் கம்மல் ஒண்ணுதான் கேடு. அதுவுமில்லாம ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டவன் வீட்டு விசேஷம், பாட்டில்லாம என்னத்துக்கு?"

"அக்கா, சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க," என்றார் என் கணவர். அக்காவிடம் அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் பார்த்ததில்லை. கனி நாங்கள் மூவரும் வாயசைப்பதை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மறுவாரம் பிளஸ் டூ வகுப்பில் சோதனை ஒன்று செய்து காட்டினேன். பிள்ளைகளுக்குப் பிடித்த சோதனை அது. இரும்புத் தண்டில் கம்பியைச் சுற்றி, தண்டின்மேல் ஓர் அலுமினிய வளையத்தை மாட்டி, சுவிட்சைப் போட்டால் வளையம் துள்ளி மேலே பறக்கும். பறந்தது. வகுப்பு கைதட்டியது. அடுத்து, ஓரிடத்தில் வெட்டிவிட்ட வளையத்தை மாட்டினேன். அது அசையவில்லை.

"மிஸ், வெட்டாத வளையத்துல மட்டும் என்ன ஆகுது?" என்றாள் முதல் பெஞ்சு ஃபர்ஸானா.

"சுத்தியும் மாறிட்டே இருக்கிற காந்தப் புலம் இருந்தா, மூடின வளையத்துல கரண்ட் தானாச் சுத்தும். அது சும்மா சுத்தாது. எந்தப் புலத்தால பொறந்துச்சோ அதையே எதிர்த்து நிக்கும். தாண்டிப் போக வேண்டியதைப் போக விடாது, நடுவுலயே தின்னுரும். வளையம் சூடாகியிருக்கும், தொட்டுப் பாரு. வெட்டிட்டா சுத்தறதுக்கு வழியில்லை, அதனால…"

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டேன். ஃபர்ஸானாவுக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணின் தலையில் ஒரு டிக்டாக் கிளிப். நடுவில் ஓட்டை. சுற்றிலும் மூடிய எஃகு.

"மிஸ்? அதனால?"

அதனால் நான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். தலைமையாசிரியர் எதற்கு என்று கேட்டார். தலைக் கிளிப்பைக் கழற்ற வேண்டும் என்றேன். அவர் வழக்கம்போல் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்று பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து வீட்டில் நின்றுவிட்ட கனி கட்டிலில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். என்றைக்காவது பச்சை வரும் என்று தினமும் அவள் தலையில் மாட்டிவிட்ட கிளிப்புகளையெல்லாம் பிடுங்கி ஜன்னல் வழியே எறிந்தேன். பழைய பருத்திப் புடவையில் ஒரு பட்டை கிழித்து, முடியை விலக்கி, வில்லையைச் சரியான இடத்தில் வைத்துச் சுற்றிக் கட்டினேன். பட்டையில் ஒரு துண்டு உலோகம் கிடையாது. விளக்கு ஆரஞ்சில் ஒரு முறை மினுக்கியது. பிறகு பச்சை.

கனி பென்சிலைக் கீழே வைத்தாள். தலையை மெல்ல நிமிர்த்தினாள். பக்கத்து வீட்டில் மாவாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கிரைண்டர்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா, கிரைண்டர் ஓடுது."

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி. இந்தப் பாடத்தை வருடம் தவறாமல் நடத்துகிறவள், பெற்ற மகளின் காதுக்குக் குறுக்கே மூடிய வளையங்களை நானே மாட்டிவிட்டு, விதியை நொந்துகொண்டிருந்திருக்கிறேன். அன்று சாயங்காலம் இதைச் சொன்னபோது என் கணவர் முதலில் கனியைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேச வைத்தார். அப்புறம் என் தோளைத் தட்டினார்.

"விடு ரேணு. அந்தக் கிளிப்பு வாங்கிட்டு வந்தவன் நான்தான். பாதிப் பழி என்ற மேல போடு."

கனியைப் போலக் கருவி வைத்த குழந்தைகளின் அம்மாக்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். 'தலையில் உலோகக் கிளிப், ஊசி, சேஃப்டி பின் எதுவும் போடாதீர்கள்' என்று எழுதினேன். திருப்பூரிலிருந்து ஒருத்தி, பொள்ளாச்சியிலிருந்து ஒருத்தி, ஈரோட்டில் இரட்டைக் குழந்தைகளின் அம்மா என்று பதில்கள் வந்தபடி இருந்தன. அவர்களும் கிளிப்தான் போட்டிருக்கிறார்கள். தாய்மாரின் கைவேலை எங்கும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கனிக்குச் சொற்கள் திரும்பின. ஆனால் கூட்டத்தில் இல்லை. பட்டை கொஞ்சம் நகர்ந்தால் ஒலி விட்டு விட்டு வந்தது. அதோடு, அந்தக் கருவிக்கு எப்போதுமே ஒரு குறை உண்டு. எதிரில் இருக்கிறவர் குரலும் அடுத்த வீட்டுக் குழம்பு தாளிக்கிற சத்தமும் அதற்கு ஒன்றுதான். நாலு பேர் சேர்ந்து பேசினால் எல்லாம் ஒரே இரைச்சல். மறுபடி விசேஷப் பேச்சை எடுத்தபோது கனி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வரலைம்மா. நூறு பேர் வருவாங்க. எல்லாரும் பேசுவாங்க. எனக்கு ஒண்ணும் புரியாது. எல்லாரும் சிரிக்கிறப்ப நானும் சும்மா சிரிக்கணும்."

அவள் அப்படிச் செய்வாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. கூட்டத்தில் சந்தோஷமாக இருக்கிறாள் என்றே நினைத்திருந்தேன். பாயசம் உண்டு என்று சொன்னேன். அதைவிட மட்டமான பதிலை அம்மாக்களால்தான் சொல்ல முடியும்.

வழி கிடைத்தது வீட்டுக்குப் பின்னால் என் கணவர் மைக் செட் வைத்திருந்த ஷெட்டில், அதுவும் அவருடைய பிடிவாதமான ஒரு வழக்கத்தால்.

மைக் செட்டுக்காரர்களுக்கு ஆம்ப் ஒரு மாடு மாதிரி. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் கொஞ்சம் ஓட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் ஏறிவிடும் என்பார் அவர். காந்தம் போன பிறகும் ஒவ்வொரு சாயங்காலமும் அதைப் போட்டு, ஹலோ ஹலோ மைக் டெஸ்டிங் என்று சொல்லிவிட்டு அணைப்பார். பழைய மைக்குகள் காந்தத்தோடு போய்விட்டன. சட்டையில் குத்துகிற குட்டி மைக் மட்டும் உயிரோடு இருந்தது, அதற்குக் காந்தம் வேண்டியதில்லை. ஸ்பீக்கர்தான் கிடையாதே. எதையும் மாட்டாமல் ஆம்ப்பை ஓட்டினால் கெட்டுப்போகும் என்று, பந்தல் சுற்றிக் கட்டுகிற நீள வயரைத் தரையில் வட்டம் வட்டமாகப் போட்டு, அதன் இரண்டு முனையையும் ஸ்பீக்கர் போக வேண்டிய இடத்தில் மாட்டிவிடுவார்.

அன்று கனி அந்த வயர் வட்டத்துக்குள் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தாள். கருவியின் பொத்தானை நோண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஹலோ சொல்லிச் சலித்துப்போய், மைக்கில் முணுமுணுத்திருக்கிறார்: எங்கக்காளுக்கு வாயைக் குடுத்த சாமி அதுக்கொரு வால்யூம் பட்டனையும் குடுத்திருக்கலாம்.

பின்னால் கனி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவர் சமையலறைக்கு ஓடி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. "ரேணு, நான் மனசுக்குள்ள சொன்ன மாதிரி சொன்னேன். எனக்கே கேக்கலை. அவளுக்குக் கேட்டிருக்குது."

நான் போய் வயரைப் பார்த்தேன். கருவியைப் பார்த்தேன். பொத்தான் டெலிபோன் குறியில் இருந்தது.

"உங்க குரலு கரண்டா மாறி இந்த வயர்ல ஓடுதுங்க. கரண்ட் ஏறி எறங்க ஏறி எறங்க, வயரைச் சுத்தி இருக்கிற காந்தப் புலமும் அதே மாதிரி ஏறி எறங்குது. டெலிபோன்ல பேசறதுக்குன்னு அவ கருவிக்குள்ள ஒரு குட்டிக் கம்பிச்சுருள் இருக்குது. புலம் மாறினா அதுல கரண்ட் வரும். அந்தக் கரண்ட் திரும்ப உங்க குரலு."

"நடுவுல சத்தமே இல்லையா?"

"இல்லை. சத்தம் காத்துல வரும். இது காத்துல வரலை."

அவர் யோசித்தார். மெல்லக் கேட்டார். "அப்ப சுத்தியும் நூறு பேர் கத்தினாலும்?"

நாங்கள் சோதித்துப் பார்த்தோம். ஷெட்டில் மிக்ஸியைப் போட்டோம். கிரைண்டரைத் தூக்கி வந்து போட்டோம். நான் தகர டப்பாவை எடுத்துத் தட்டினேன். தெருக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று. அவர் கிணற்றடியில் போய் நின்று மைக்கில் மூச்சுக்காற்றளவில் பேச, வட்டத்துக்குள் இருந்த கனி ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னாள். வட்டத்தைத் தாண்டி ஒரு அடி வைத்தால் ஒன்றும் இல்லை. உள்ளே வந்தால் அப்பா. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே என்று அவள் குதித்துக்கொண்டே இருந்தாள். என் கணவர் கிணற்றடியிலேயே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் பேசிய அவருடைய மைக், முதல்முறையாக மகளிடம் பேசியது.

தை பிறந்ததும் விசேஷம் நடந்தது.

அதற்குள் காயில் கட்டுகிற சம்பத் உதவியோடு, காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருளை வைத்து ஒரு ஸ்பீக்கரையும் என் கணவர் பேச வைத்திருந்தார். ஊரிலேயே முதல் ஸ்பீக்கர். அதை ஷெட்டிலேயே விட்டுவிட்டு வயரை மட்டும் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். பந்தலின் நான்கு ஓரமும், காலில் தட்டாதபடி, தரையோடு தரையாக வயரை ஓட்டினார்.

"மைக்கு இருக்குது, மைக்குக்காரன் இருக்கிறான், ஸ்பீக்கர் எங்கடா?" என்றார் நங்கையா. "சத்தம் வராத மைக் செட்டை எவனாவது விசேஷத்துக்குக் கட்டுவானா? சனம் சிரிக்கும்."

"சிரிக்கத்தானுங்க்கா கட்டியிருக்குது," என்றார் அவர்.

குழுவிலிருந்த அம்மாக்களும் குழந்தைகளோடு வந்திருந்தார்கள். திருப்பூர்ப் பையன், பொள்ளாச்சிப் பெண், ஈரோட்டு இரட்டையர், இன்னும் சிலர். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு துணிப் பட்டை, ஒவ்வொரு நிறத்தில். வழக்கமாக விசேஷ வீட்டில் இந்தப் பிள்ளைகள் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு ஒரு ஓரமாக நிற்பார்கள். அன்றும் முதலில் அப்படித்தான் நின்றார்கள். நான் ஒவ்வொருவர் கருவியிலும் பொத்தானை மாற்றிவிட்டேன்.

கனிக்கு மொட்டை அடித்ததில் ஒரு லாபம், வில்லை நழுவவில்லை. ஒரு பிளாஸ்திரியிலேயே நின்றது. மோகன்ராஜ் மடியில் உட்கார்ந்து, ஆசாரி கம்பியை எடுத்ததும் உதட்டைப் பிதுக்கினாள். பந்தல் முழுக்க ஒரே இரைச்சல். குலவை ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம், பந்திக்கு ஆள் கூப்பிடுகிற சத்தம் ஒரு பக்கம். வலது காது முடிந்து அவள் வாய்விட்டு அழ ஆரம்பித்த நேரத்தில், தூண் ஓரமாக நின்ற என் கணவர் சட்டை மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஏதோ சொன்னார்.

பந்தலில் ஆங்காங்கே நின்ற அத்தனை குழந்தைகளும் ஒரே நேரத்தில் திரும்பி நங்கையாவின் முந்தானையைப் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த கனியும் அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த நேரத்தில் ஆசாரி இடது காதையும் முடித்துவிட்டார்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். நான் வயர் வட்டத்துக்குள்தான் நின்றேன், ஆனால் எனக்கு அதற்கான காது இல்லை.

"என்னத்தைச் சொன்னான்?" நங்கையா என்னைக் கேட்டார். "எல்லாம் என்னையப் பார்த்து ஏன் சிரிக்குது?"

"தெரியலைங் நங்கையா."

மோகன்ராஜ் மடியிலிருந்து இறங்கிய கனியை அவர் பிடித்தார். "உங்கப்பன் என்ன சொன்னான் கண்ணு?"

கனி திருப்பூர்ப் பையனைப் பார்த்தாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டான். "ஒண்ணுமில்லை அத்தை," என்று சொல்லிவிட்டு அவள் பிள்ளைகள் பக்கம் ஓடினாள்.

நங்கையா அங்கேயே நின்றார். சுற்றிலும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் அவரும் சும்மா சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நான் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்த கனியும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது என்ன சிரிப்பு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவள் நின்றாள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். அத்தையின் கையைப் பிடித்து ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். இரண்டு கையாலும் அவர் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, தன் வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி எதிரில் நின்றுகொண்டாள். ஹெலன் மேடம் அவளிடம் பேசுவது போலவே, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அத்தை, ஜிலேபியை, முந்தானையில, முடிஞ்சு வெச்சிருக்காங்க. யாரும், பார்த்துராதீங்க. அப்பா, அதான் சொன்னாரு. புரிஞ்சுதா?"

நங்கையாவின் கை தன்னையறியாமல் முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. புதிதாகக் குத்திய அந்தக் காதுகளையும், பதிலுக்காகக் காத்திருந்த அந்த முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"புரிஞ்சுது சாமி," என்றார். "அத்தைக்கு இன்னொருக்காச் சொல்லு."

கனி இன்னும் கொஞ்சம் மெதுவாக, முதலிலிருந்து சொன்னாள்.